கஜலட்சுமியின் வருகை

கஜலட்சுமி பிறவியிலேயே காது கேளாதவள். அம்மா பாலாம்பிகைக்கு அது தெரியவே மூன்று வருடம் ஆயிற்று. கம்பளைக்கு மேலே தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருந்து விடியும்போது கொழுந்து பறிக்கப் போய், பொழுது சாயும்போது திரும்புகிறவளுக்குப் பிள்ளையோடு பேச ஏது நேரம்? கூப்பிட்டால் திரும்பாததைப் பிடிவாதம் என்று நினைத்து இரண்டொரு தடவை அடித்தும் இருக்கிறாள். அப்பன் செல்லச்சாமி கொழும்பில் ஏதோ கடையில் வேலை என்று போனவன், பிறகு வரவேயில்லை.

பள்ளிக்கூட வயது வந்தபோது கஜலட்சுமியைப் பற்றி நினைத்தவர் ஒரே ஒருவர்தான். தோட்டப் பள்ளிக்கூடத்து அதிபர் நவரட்ணராஜா. யாழ்ப்பாணத்துக்காரர்; கண்டியில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு பஸ்ஸில் வந்து போகிறவர். ஐந்தாம் வகுப்போடு முடிகிற அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். வேலை தேடிக் குடும்பங்கள் கீழே இறங்கிப் போய்விட்டன. பிள்ளைகளின் தலையை எண்ணித்தான் மேலிடத்துப் பணம் வரும். இன்னும் ஒருவர் குறைந்தாலும் பூட்டிவிடுவோம் என்று கல்வி அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் லயத்துக்கு ஏறி வந்தார்.

“பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கோ, அம்மா.”

“அதுக்குக் காது கேக்காதுங்க சேர். வந்து என்னா படிக்கப் போகுது?”

“படிக்காட்டிலும் பரவாயில்லை. வந்து இருந்தாலே போதும்.”

பாலாம்பிகை அதை இரக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

கஜலட்சுமி ஆசையாகத்தான் போனாள். பெயர் கூப்பிடும்போது பக்கத்துப் பிள்ளை முழங்கையால் இடிக்கும். அவள் எழுந்து நிற்பாள். அதற்குப் பிறகு பள்ளி விடும்வரை அவளிடம் யாருக்கும் வேலையில்லை. கொஞ்சநாளில் வேலை கண்டுபிடித்தார்கள். வகுப்பைக் கூட்டினாள், தண்ணீர் எடுத்தாள், ஆசிரியர்களின் தேநீர்க் கோப்பைகளைக் கழுவினாள். மழைக்கு மற்றப் பிள்ளைகள் வராமல் நின்றாலும் அவள் நிற்கமாட்டாள். ஒருமுறை அதிகாரிகள் வருகிற நாளில் அவளுக்கு எழும்ப முடியாத காய்ச்சல். அதிபர் ஆளனுப்பித் தூக்கிவரச் சொன்னார். சுவரில் சாய்த்துக் கடைசி வாங்கில் இருத்தினார்கள். அதிகாரிகள் எண்ணிவிட்டுப் போனார்கள். பிறகு அவள் வாந்தி எடுத்தாள். அதைக் கழுவ வைத்துத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அவளுக்கு எட்டு வயதானபோது, தோட்டத்துக்குப் புதிதாக வந்த மருத்துவிச்சி பஸ்லினா பாலாம்பிகையைப் பிடித்துக்கொண்டாள்.

“கண்டிப் பக்கத்துல காது கேளாத புள்ளைகளுக்கு ஸ்கூல் ஒண்டு ஈக்குது. கையால பேசப் படிச்சிக் குடுப்பாங்க. அங்கேயே தங்கலாம், சல்லி ஒண்டும் வாணாம். நான் பேசி வெச்சீக்கிறேன். வயசு போனா எடுக்கமாட்டாங்க.”

பாலாம்பிகை விலகல் கடிதம் கேட்டு அதிபரிடம் போனாள். அவர் கதிரையை இழுத்துப்போட்டு இருக்கச் சொன்னார். தேநீரும் வந்தது. கொண்டுவந்தவள் கஜலட்சுமி.

“விடுதியிலையோ விடப்போறியள்? பேச்சில்லாத பொம்பிளைப் பிள்ளை. ஆரும் ஏதும் செய்தால் வந்து சொல்லவும் ஏலாது. நான் தடுக்கேல்லை. நீங்கள்தான் யோசிக்கோணும்.”

பாலாம்பிகை யோசித்தாள். யோசிக்க யோசிக்கப் பயம்தான் வந்தது. பஸ்லினா இன்னும் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தாள். பிறகு அவளுக்கு இடமாற்றம் வந்துவிட்டது.

கூடப் படித்தவர்கள் ஐந்தாம் வகுப்பை முடித்து வேறு பள்ளிக்கூடங்களுக்குப் போனார்கள். கஜலட்சுமி அதே வகுப்பில் இருந்தாள். அடுத்த வருடமும் இருந்தாள். அதற்கடுத்த வருடமும். சட்டை கையிடுக்கில் கிழிந்தது. பாலாம்பிகை ஒட்டுப்போட்டுத் தைத்தாள்.

நாட்டில் எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசை நின்ற காலத்தில் கொழும்புக்குப் போன குடும்பங்கள் பிழைக்க வழியில்லாமல் லயங்களுக்குத் திரும்பி வந்தன. பள்ளிக்கூடத்தில் வாங்கு போதாமல் பிள்ளைகள் தரையில் இருந்தார்கள். பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றியவர் என்று நவரட்ணராஜாவுக்கு மாலை போட்டு, கண்டியில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். அவருடைய இடத்துக்கு சத்தியபாமா டீச்சர் வந்தார். முதல் வாரமே பாலாம்பிகையைக் கூப்பிட்டார்.

“பதினாலு வயசுப் பிள்ளைய அஞ்சாம் வகுப்புல வச்சிருக்க முடியாதுங்க. புலமைப்பரிசில் பரீட்சை ரிசல்ட் இவளால விழுது. நாளையில இருந்து அனுப்பாதீங்க.”

கஜலட்சுமிக்கு இதை யார் சொல்வது? மறுநாளும் அவள் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனாள். கேற்றடியில் திருப்பி அனுப்பினார்கள். திரும்பத் திரும்பப் போனாள். கேற்றைப் பூட்டினார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் சத்தம் போட, உள்ளே இருந்த பிள்ளைகளும் அதேபோலச் சத்தம் போட்டுக் காட்டிச் சிரித்தார்கள். பாலாம்பிகை அந்தச் சட்டையை அடுப்பில் போட்டாள். கஜலட்சுமி அவளுடைய கையைக் கடித்தாள். பாலாம்பிகை விறகுக் கட்டையால் அடித்தாள். எதற்கு அடி என்று சொல்லத் தாயிடம் வழியில்லை.

அதற்குப் பிறகுதான் பாலாம்பிகை, பஸ்லினா சொன்ன இடத்தைத் தேடி மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே அவளுடைய வயதுப் பெண்கள் மரத்தடியில் நின்று கையாலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி எதையோ சொல்ல மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கஜலட்சுமி அவர்களுடைய கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த வயதில் புதிதாகச் சேர்க்க இடமில்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அவளை அந்த மரத்தடியில் இருந்து இழுத்துத்தான் வரவேண்டியிருந்தது.

பாலாம்பிகை அன்றே கண்டிக்குப் போய் நவரட்ணராஜாவைப் பார்த்தாள்.

“அன்னைக்கி ஏங்க சேர் பயங்காட்டுனீங்க?”

அவர் மறுக்கவில்லை. “இவள் போயிருந்தால் அந்த வருஷமே பூட்டியிருப்பாங்கள். மற்றப் பிள்ளையள் எங்கை போயிருக்கும்? நீங்களே சொல்லுங்கோ.”

“அப்ப எம்புள்ளைய வச்சி அதுகளப் படிக்க வச்சீங்க.”

“ஓம்” என்று ஒத்துக்கொண்டார் அவர். தனக்குக் கூட்டம் ஒன்று இருப்பதாகச் சொல்லி எழுந்தார்.

கஜலட்சுமிக்கு இப்போது பதினேழு வயது. கம்பளையில் ஒரு மொத்த வியாபாரக் கடையின் பின்கட்டில் அழுகிய வெங்காயம் பொறுக்குகிறாள். மத்தியானச் சாப்பாடு உண்டு, சம்பளம் கிடையாது. பாலாம்பிகை ஒருநாள் போய்க் கேட்டாள்.

“வச்சிருக்கிறதே பாவம் பாத்துத்தான்” என்றார் முதலாளி. “புடிக்காட்டி கூட்டிட்டுப் போங்க.”

பாலாம்பிகை மறுநாள் காலையிலும் அவளை பஸ்ஸில் ஏற்றிவிட்டுக் கொழுந்துக்குப் போனாள்.