சூசைராஜைக் கேட்டு வெள்ளையடித்தவர்கள்

மௌலா அலி ரயில்வே காலனியில் ‘விவரம் தெரிஞ்சவர்’ என்றால் அது சூசைராஜ் ஒருவரைத்தான் குறிக்கும். இன்ஜினீயர்களும் அங்கே உண்டு. ஆனால் அவர்கள் படித்தவர்கள், அவ்வளவுதான். டிரான்ஸ்ஃபர் லிஸ்ட் நோட்டீஸ் போர்டுக்கு வருமுன்பே அதில் யார் பெயர் இருக்கிறதென்று அறிந்தவருக்கே அந்தப் பட்டம். சூசைராஜ் ஷெட் ஆபீஸ் பியூன். லிஸ்ட்டை மேஜைக்கு மேஜை சுமந்தவர் அவர்தான்.

ரகசியத்தை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. யாரும் நேராகக் கேட்டதும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்து, வீட்டுக்கு வெள்ளையடிக்கலாமா என்பார்கள். “அடி” என்றால் பெயர் இல்லை. “மழை நிக்கட்டும்” என்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். டிசம்பரில் இந்தத் தெலுங்குச் சீமையில் ஏது மழை என்று எவரும் குறுக்குக் கேள்வி போட்டதில்லை.

ஆறு வருஷத்துக்கு முன் லிஸ்ட் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. அதைக் கண்ணால்கூடப் பார்க்காத சூசைராஜ், வந்தவர்களுக்கெல்லாம் “அடி” என்றே சொல்லிவந்தார். தெரியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. பாவம், அந்த ஒரு மரியாதையை விட்டால் அவருக்கு வேறு என்னதான் இருந்தது? நல்லவேளையாக, ஐந்து வருஷம் கேட்டவர்கள் யாருக்கும் மாற்றல் வரவில்லை.

போன டிசம்பரில் எதிர்வீட்டு ஃபிட்டர் கோபி வந்து கேட்டான். வழக்கம்போல் அடிக்கச் சொன்னார். அவன் சுண்ணாம்போடு நிற்காமல் இளநீலப் பெயின்டே அடித்தான். அது காய்வதற்குள் காஜிப்பேட்டைக்கு ஆர்டர், அவன் போனிலேயே வந்து விழுந்தது.

மூன்று நாள் சூசைராஜ் பின்வாசல் வழியாகப் போய்வந்தார். நாலாம் நாள் மனசு கேட்கவில்லை. லாரியில் பீரோ ஏறிக்கொண்டிருந்தபோது போய் நின்றார்.

“கோபி, எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. ஆறு வருஷமாவே தெரியாது.”

“தெரியும்ண்ணே.” கோபி கயிற்றை இழுத்துக் கட்டினான். “காலனிக்கே தெரியும்.”

“அப்புறம் எதுக்குடா என்கிட்ட வந்து கேட்டே?”

“உங்களைக் கேக்காம எப்படிண்ணே வெள்ளையடிக்கிறது?”

காலனி முழுக்க விவரம் தெரிந்தவர்கள்; தெரியாமல் இருந்தவர் தாம் ஒருவர்தான் என்பது சூசைராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. கண்ணும் கலங்கியது.

லாரியில் ஏறும்போது கோபி திரும்பிப் பார்த்தான். “புது வீட்டுக்கு அடிக்கலாமாண்ணே?”

“எனக்குத் தெரியாதுப்பா,” என்றார் சூசைராஜ். “நீ அடி.”