கொசு ஆபீசரின் பறவைத் தோட்டம்

ஊரில் அவருக்கு வைத்த பெயர் கொசு ஆபீசர். முப்பது வருஷம் சுகாதார ஆய்வாளர் உத்தியோகம். வீடு வீடாக நுழைந்து, தேங்கிய தண்ணீரைக் கண்டால் கவிழ்த்துவிட்டு, சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டு வருவார். அப்படிப்பட்டவருக்கு ஓய்வு பெற்றதும், ஊருக்கு வெளியே ஒரு ஏக்கர் வாங்கி, வீடு கட்டிக் குடியேறி, பறவையும் பட்டாம்பூச்சியும் வந்துபோகிற தோட்டம் போட வேண்டும் என்று ஆசை வந்தது. ஆசையில் தப்பில்லை. கை பழைய கை அல்லவா!

பறவைகள் குடிக்கட்டும் என்று ஏழு மண்சட்டி வைத்தார். சாயங்காலமானால் ஏழையும் அவரே கவிழ்த்தார். பட்டாம்பூச்சிக்கென்று பூச்செடி நட்டார். இலையில் புழுவைப் பார்த்ததும் பதறிப்போய் மருந்தடித்தார். அந்தப் புழுதான் பட்டாம்பூச்சியாகும் என்று மனைவி சொன்னதற்கு, "எனக்கே பாடம் எடுக்கறியா?" என்று எகிறினார். பட்டமரத்தை வெட்டினார், சருகைக் கொளுத்தினார், புல்லைச் செதுக்கினார். தோட்டம் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி பளபளத்தது. ஒரு காக்காய்கூட எட்டிப் பார்க்கவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே! மைத்துனியின் கணவர், கேமராவும் கையுமாக அலைகிற ஆசாமி. அவரிடம் போனில், "சகலை, நாப்பது வகைப் பறவை வருது!" என்று அளந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சகலை வந்து இறங்கியே விட்டார். ஆபீசர் இத்தனை நாள் கட்டிக்காத்த மானம் கப்பலேறப் போகிறது.

இரண்டு மணி நேரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். "இப்பத்தான் ஒண்ணு பறந்துச்சு, நீங்க பாக்கல" என்று ஆபீசர் சமாளித்துக்கொண்டிருந்தார். கை கழுவ வீட்டின் பின்பக்கம் போன சகலை திரும்பவே இல்லை.

பின்பக்கம் மனைவியின் ராஜ்ஜியம். "இங்க மட்டும் கை வச்சீங்க, அப்புறம் சோறு கிடையாது" என்று மிரட்டி வைத்திருந்தாள். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடி ஓடிப் புதர் மண்டிக் கிடந்தது. ஓட்டையைத் துணியால் அடைத்த பழைய சிமென்ட் தொட்டியில் தண்ணீர் பச்சையாக நின்றது. அதன்மேல் தட்டான்கள், விளிம்பில் மைனாக்கள், புதருக்குள் தேன்சிட்டு. சகலை மண்ணில் குப்புறப் படுத்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, சும்மா சொல்லக்கூடாது, அசத்திட்டீங்க! அடுத்த ஞாயிறு நாலு பேரக் கூட்டிட்டு வரேன்."

"எல்லாம் திட்டம் போட்டுச் செஞ்சதுதான் சகலை" என்று ஆபீசர் கூசாமல் மீசையைத் தடவினார்.

சகலையின் வண்டி மறைந்ததும் ஆபீசர் தொட்டிக்குள் குனிந்து பார்த்தார். குட்டிக் குட்டிக் கொசுப்புழுக்கள் நெளிந்தன. அவ்வளவுதான், கை தானாகப் போய் அடைப்புத் துணியைப் பிடுங்கியது. தண்ணீர் கொட்டியது, தட்டான்கள் கலைந்தன.

"பிடுங்குங்க, நல்லாப் பிடுங்குங்க" என்றாள் பின்வாசலில் நின்ற மனைவி. "அடுத்த ஞாயிறு, வெட்டாம விட்ட மரம் ஏதாவது இருந்தா, நீங்களே அதுல ஏறி உக்காந்து கூவுங்க."

ஆபீசர் துணியைத் திரும்பத் திணித்தார். குடத்தில் தண்ணீர் பிடித்து வந்து, வேலிக்கு அந்தப் பக்கம் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே தொட்டியை நிரப்பினார். இதே குற்றத்துக்கு அவர் நோட்டீஸ் ஒட்டாத வீடு அந்த ஊரில் ஒன்றுகூட இல்லை.