மேலே போனால் இருமும் வேன்

ஓடிப்போகிறவள் யாராவது சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவாளா? பட்டப்பகலில், வாசல் வழியாக, அண்ணியிடம் சொல்லிக்கொண்டு போவாளா? எதிர்வீட்டுத் தையற்காரி வாய்க்கு வந்தபடி தைத்துக்கொண்டு இருக்கட்டும். நடந்தது எனக்குத் தெரியும்.

என் நாத்தனார் மெக்கானிக். அவளும் என் வீட்டுக்காரரும் அவர்கள் அப்பா விட்டுப்போன பட்டறையைச் சேர்ந்து நடத்தினார்கள். சக்கரம், பிரேக் எல்லாம் அவர். கார்புரேட்டர் என்றால் அவள்தான். காற்றையும் பெட்ரோலையும் கலந்து என்ஜினுக்கு ஊட்டுகிற சாமான் அது. பெட்ரோல் கூடினால் கரும்புகை, செலவு. குறைந்தால் என்ஜின் கொதிக்கும், மேட்டில் இழுக்காது. அவள் வண்டியை நன்றாகச் சூடேறவிட்டு, சின்ன ஸ்குரூ டிரைவரால் அதிலிருக்கும் திருகாணியை உள்ளே திருகுவாள், சத்தம் தடுமாறும். வெளியே திருகுவாள், மறுபடி தடுமாறும். நடுவில் ஓர் இடத்தில் சீராக எழும். அங்கே நிறுத்துவாள். அந்த நேரத்தில் வீடே இடிந்தாலும் அவள் காதில் விழாது. பிறகு ஓட்டிப் பார்த்து, பெட்ரோலுக்குத் தீப்பொறி வைக்கும் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பாள். அது டீ நிறத்தில் இருந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

மலைமேல் ஊரிலிருந்து காய்கறி ஏற்றி வரும் வேன்காரர் ஒருவர் வந்தார். மேட்டில் வண்டி இழுக்கவில்லை, பெட்ரோலையும் குடிக்கிறது என்றார். சரிசெய்து கொடுத்தாள். மறுவாரமே திரும்பி வந்து நின்றார்.

"உங்க ஊர்ல பாடுது, எங்க ஊர்ல இருமுதும்மா."

பிளக் கரியாக இருந்தது. அவள் முகமும்தான். எல்லாவற்றையும் கழற்றி, ஊதி, மறுபடி திருகினாள். இங்கே ஒரு குறையும் இல்லை. மேலே போனால் அதே புகை. அவர் வந்து வந்து போனதில் தெரு பேச ஆரம்பித்தது. அவள் வேண்டுமென்றே அரைகுறையாக விடுகிறாள், அப்போதுதானே அந்த ஆள் திரும்பி வருவான் என்று தையற்காரி சொன்னாளாம்.

குற்றம் காற்றில் இருந்தது. மேலே காற்று மெலிசு. இங்கே சரியாக இருக்கிற பெட்ரோல் அங்கே அதிகம். அது புரிந்ததும், குத்துமதிப்பாகக் குறைத்து அனுப்பினாள். வேன் மலை ஏறவே இல்லை. அடிவாரத்திலேயே கொதித்து நின்றது, ஏற்றிப்போன சாமான்களோடு. அவர் ஒரு வார்த்தை கோபிக்கவில்லை. அதுதான் அவளைச் சுட்டது. அடுப்படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இங்க உக்காந்துகிட்டு அந்தக் காத்துக்கு நான் எப்படி அண்ணி திருகுவேன்? நான் அங்க இருக்கணும்."

அதன்பிறகு உடம்பு மட்டும்தான் இங்கே இருந்தது. அந்த ஊரில் எல்லா வண்டியும் புகைந்துகொண்டுதான் ஏறுகிறது என்று வேன்காரர் சொல்லியிருந்தார். அந்தச் சத்தத்தையெல்லாம் கேட்கிறவள்போலக் கையில் டம்ளரோடு நிற்பாள். டீ ஆறிப்போகும். மனசில் அவரும் இருந்தாரா? இருந்திருக்கலாம். இருந்தால் தையற்காரிக்கு என்ன நஷ்டம்?

மலைமேல் ஊருக்கே போகப்போகிறேன் என்று ஒருநாள் சொன்னாள். பட்டறையை யார் பார்ப்பது என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "நீதாண்ணா. உனக்குத் தெரியாம இல்ல, சோம்பல்," என்றாள். சிரித்தார். பிறகு சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துபோனார்.

எனக்கும் அவளை அனுப்ப மனசில்லை. புகுந்த வீட்டில் எனக்கென்று பேச இருந்தவள் அவள்தான். இப்போதும் ஒரு வண்டி வாசலில் சீராக நின்று ஓடினால், கைவேலையைப் போட்டுவிட்டு ஜன்னலுக்குப் போகிறேன்.

அவள் போன அன்று அந்த வேன் தெருவிலேயே இல்லை. அவள் பஸ்ஸுக்குத்தான் கிளம்பினாள். ஒரு பை, துணியில் சுற்றிய ஸ்குரூ டிரைவர். எப்போது வருவாய் என்று கேட்டேன்.

"அங்க ஒரு வண்டியாவது இருமாம ஏறட்டும் அண்ணி."

படியில் கால் வைத்தவள் நின்றாள். பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். தெருமுனையில் ஒரு ஸ்கூட்டர் போய்க்கொண்டிருந்தது.

"அதுல பெட்ரோல் கூடிப்போச்சு. அண்ணன்கிட்ட சொல்லுங்க," என்றாள். இறங்கிப் போனாள்.