பொன்னப்பனின் இடப்பக்கக் கண்ணாடி

வண்டியை எடுப்பதற்கு முன் பொன்னப்பன் செருப்பைக் கழற்றி மேசைக்கு அடியில் தள்ளிவிடுவார். ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். ஸ்டியரிங் மேசை விளிம்பில் திருகி மாட்டியது. பஸ் நிற்பதோ கம்ப்யூட்டருக்குள். ஆனாலும் மரியாதையில் குறை வைக்க மாட்டார். மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிட்டுக்கொண்டுதான் உட்காருவார்.

பகலில் அவர் கண்டக்டர். இருபத்திரண்டு வருஷமாகப் பாறசாலைக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே டிக்கெட் கிழிக்கிறார். ஆசைப்பட்டது டிரைவர் வேலைக்கு. முதலில் வந்தது கண்டக்டர் உத்தரவு, அடுத்ததற்குக் காத்திருக்க அன்றைக்கு வீட்டில் வசதி இல்லை. அதற்காக அவர் யாரிடமும் மூக்குச் சிந்தியதில்லை. ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து குளித்து, எட்டு மணி வரை கேமில் பஸ் ஓட்டினால் மனசு ஆறிவிடும்.

ஓட்டுவதும் பொறுப்பாக ஓட்டுவார். யாருமே நிற்காத நிறுத்தத்திலும் நிறுத்துவார். வேகத்தைக் கூட்டச் சொன்னால், "உள்ள ஆளு உண்டு, கேட்டியா" என்பார். கேமில் ஏதாவது வண்டி குறுக்கே புகுந்தால் மட்டும் அவர் வாய் நிற்காது. "எலே, எடதுவழியா ஏறாதேன்னு சொன்னேனா இல்லியா!" என்று அவர் போடும் சத்தத்தைக் கேட்டு அடிதடி என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை மதிலேறி எட்டிப் பார்த்திருக்கிறார்.

கம்ப்யூட்டர் உண்மையில் மனைவி ஷியாமளாவுடையது. தனுவச்சபுரத்து ஸ்டுடியோ ஒன்றுக்குக் கல்யாண ஆல்பம் வடிவமைத்துக் கொடுக்கிறாள். பகல் அவளுக்கு, சாயங்காலம் அவருக்கு என்று சண்டையில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தது மானிட்டர். அது கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளித்துப் போனதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

கவனித்தது திருப்புறத்து ஸ்ரீகுமாரி. மகளின் கல்யாணச் சேலையைக் கையோடு கொண்டுவந்து ஆல்பத்தின் மேல் விரித்தார். சேலை நல்ல அரக்குச் சிவப்பு. "இது எனக்க மவளுக்க சாரியா? செங்கல்லு இல்லியா இது?" என்றார். ஸ்டுடியோக்காரர் இன்னொரு புகார் வந்தால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். ஆவணியில் வரும் சிங்ங மாசக் கல்யாணங்கள் ஆறு வரிசையில் நின்றன.

புது மானிட்டர் வாங்கியே ஆக வேண்டும் என்றானது. வாங்க முடிவது ஒன்றுதான், அது ஆல்பத்துக்கு ஏற்றதா, கேமுக்கு ஏற்றதா என்பதுதான் கேள்வி. நிறம் ஒத்துப்பார்க்க ஸ்ரீகுமாரி கொடுத்த அதே சேலையின் பிளவுஸ் துண்டையும், படம் ஏற்றிய பென்டிரைவையும் பொன்னப்பன் பையில் போட்டுவிட்டு ஷியாமளா சொன்னாள்: "இஞ்ச பாருங்க, ஒங்க வண்டிக்கு எது கொள்ளாமோ, எது சேருமோ அத எடுங்க. நான் எப்பிடியும் ஒப்பேத்துவேன்." அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் பொன்னப்பன் நிம்மதியாக இருந்திருப்பார்.

நெய்யாற்றின்கரையில் தீபுவின் கம்ப்யூட்டர் கடைக்கு மூன்று நாள் நடையாய் நடந்தார். தீபு இரண்டு மானிட்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். ஒன்று அகலமாக, வில் போல வளைந்தது. மற்றது சாதாரணமாக நேரே நிற்பது. வளைந்ததில் அவன் பஸ் கேமைப் போட்டதும் பொன்னப்பன் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். இடப்பக்கக் கண்ணாடி, வலப்பக்கக் கண்ணாடி, நடுவில் ரோடு எல்லாம் ஒரே பார்வையில் விரிந்தன.

"மக்கா, ரெண்டு கண்ணாடியும் தெரியுதுலே!"

"இது கேமுக்குன்னே உள்ளதாக்கும், அண்ணா. படம் வழுக்கிட்டு போவும்."

பிறகு கல்யாணப் படத்தைப் போட்டார்கள். வளைந்த திரையில் ஆல்பத்தின் நேர்க்கோடுகள் வளைந்து தெரிந்தன, சேலை திருவிழா விளக்குப் போலப் பளபளத்தது. துணியை ஒட்டிவைத்துப் பார்த்தால் அது வேறு, இது வேறு. தீபு விடவில்லை, பொத்தான்களை அமுக்கி நிறத்தை மாற்றினான். சேலை ஒருவழியாகச் சரியானது, முகம் மஞ்சளித்துவிட்டது. "பொண்ணுக்குக் காமாலை வந்துபோச்சே மக்கா" என்றார் பொன்னப்பன். நேரான திரையில் துணியை வைத்தபோது, துணி எங்கே முடிகிறது, படம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

"அஞ்சு மினிட்டு தா" என்று வளைந்ததன் முன் மறுபடி உட்கார்ந்தார். ஒரு மலையேறி இறங்கினார். நிறுத்தத்தில் ஒழுங்காக ஒதுக்கி நிறுத்தி எஞ்சினை அணைத்தார். எழுந்து, "நேரா இருக்கதப் பொதிஞ்சு தா" என்றார்.

வீட்டில் சொன்ன கதை வேறு. "வளைஞ்சது கொள்ளாது, கேட்டியா? ஒரே தலைசுத்து." ஷியாமளா சரி என்று தலையாட்டினாள். இத்தனை வருஷத்தில் அவருடைய பொய் ஒன்றாவது அவளிடம் விலைபோயிருக்கிறதா? திருத்திய ஆல்பத்தைப் பார்க்க ஸ்ரீகுமாரி மறுபடி சேலையோடு வந்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காத வருத்தத்தோடு சேலையை மடித்துக்கொண்டு போனார்.

பொன்னப்பனுக்குத்தான் பாடு. நேரான திரையில் இடப்பக்கக் கண்ணாடி அடங்கவில்லை. பழையதிலும் அடங்கியதில்லைதான், ஆனால் வளைந்ததில் ஒருமுறை பார்த்த பிறகு அதைப் பார்க்காமல் திரும்ப அவருக்கு மனசு வரவில்லை. அந்தப் பக்கம் பார்க்க ஒரு கீயைத் தட்ட வேண்டும். தட்ட ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க வேண்டும். எடுத்த நொடியில் பஸ் போய்க் கம்பத்தில் முட்டும். மூன்று சாயங்காலம் முட்டினார். நிஜ பஸ்ஸில் இடப்பக்கம் பார்த்து டிரைவருக்குக் குரல் கொடுப்பவரே அவர்தான். இங்கே அவருக்குச் சொல்ல ஆளில்லை. கேமைச் சீக்கிரமே அணைக்கத் தொடங்கினார்.

நாலாம் நாள் ஷியாமளா அடுக்களையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வந்து அவருக்கு இடப்பக்கத்தில் போட்டாள். ஈரக் கையைத் துடைத்துவிட்டு, அந்தக் கீயின் மேல் விரலை வைத்தாள்.

"தலைசுத்துன ஆளு ரோட்ட மட்டும் பாத்தா மதி" என்றாள்.

திருப்பம் வந்தது. அவள் கீயைத் தட்டிப் பார்த்தாள்.

"எடது பக்கம் ஆளில்ல. வரட்டு, வரட்டு..."

பொன்னப்பன் திரையை விட்டு அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்தபடியே ஸ்டியரிங்கை முழுசாக இடப்பக்கம் ஒடித்தார்.