வலது கையில் கட்டிய காப்பு

அம்மனை நம்புகிற எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். கைகூப்பிக்கொண்டு எழுதவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன். கோயில் விழா மலருக்கு என் அனுபவத்தைக் கேட்டார்கள். இனிப்பாக வேண்டுபவர்கள் பிரசாத வரிசைக்குப் போகலாம்.

2003-ல் என் இடப்பக்க மார்பை எடுத்தார்கள். புற்று. அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து வழித்தெடுத்தார்கள். பிறகு மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது. கதிர் வைத்தார்கள். உயிர் தப்பியது. வீட்டில் தேங்காய் உடைத்தார்கள். அடுத்த மழைக்காலத்தில் இடது கை வீங்கத் தொடங்கியது. கையில் ஊறுகிற நிணநீர் மேலே ஏறுவதற்கு இருந்த பாதையைத்தான் வெட்டியாகிவிட்டதே என்றார் டாக்டர். புரிந்தது. இந்த மராத்தி ஊரில் நாங்கள் குடியிருக்கும் விஷ்ராந்த்வாடிச் சாலையும் மழையில் அப்படித்தான். நீர் வரும். போகாது.

நான் இடது கைக்காரி. எழுதுவது, மாவு பிசைவது, கதவை அறைந்து சாத்துவது எல்லாம் அந்தக் கைதான். தளேகாவ் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை. கட்கி ஸ்டேஷனில் லோக்கல் ஏறிப் போவேன். மார்பு இருந்த இடத்தில் உள்பாடிக்குள் பஞ்சு. நெரிசலில் பஞ்சு கழுத்துப் பக்கம் ஏறும். கையோ தொடை போலத் தொங்கும். ஒரு நாள் பக்கத்தில் இருந்த மராத்திக்காரி, ஹத்திபாய் கையிலும் வருமா என்று பெட்டி முழுவதும் கேட்கும்படி கேட்டுவிட்டு, தன் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். யானைக்கால். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னலில் என் கை தெரிந்தது.

தையற்காரர் என் ஜாக்கெட்டுக்கு இரண்டு கைக்கும் இரண்டு அளவு எடுத்தார். "ரெண்டு பேர் ஜாக்கெட்ட வெட்டி ஒண்ணா தெக்கற மாதிரி இருக்குதும்மா" என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகம் வலித்தது.

பேனா பிடித்தால் விரல்கள் மரத்தன. எழுத்து கோணியது. வேறொரு பிரிவுக்கு மாற்றப் போவதாக மேனேஜர் மென்மையாகச் சொன்னார். மென்மையாகப் பேசுகிறவர்களை அந்த நாட்களில் நான் அடியோடு வெறுத்தேன்.

2006, ஆடி மாதம். காப்புக் கட்டும் நாள். எங்கள் கோயிலில் ஆண்களுக்கு வலது கையிலும் பெண்களுக்கு இடது கையிலும் மஞ்சள் கயிறு கட்டுவார்கள். விழா முடியும்வரை அவிழ்க்கக்கூடாது. என் நாத்தனார், கணவரின் அக்கா சரோஜாதான் பெண்கள் வரிசையின் அதிகாரி. யாரும் நியமிக்கவில்லை. அவரே நின்றுகொண்டார்.

"அண்ணி, இந்தக் கையில ஊசிகூட போடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. வலது கையில கட்டச் சொல்லுங்க."

"பொம்பளைக்கு இடது கைதான். ஆத்தா கயிறு மேலயே சந்தேகமா உனக்கு? அதான் இப்பிடி ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்துக்கினு இருக்குது."

உடுக்கை அடித்தது. பின்வரிசை முதுகில் முட்டியது. பூசாரி என் கையை இழுத்து முடிச்சைப் போட்டுவிட்டார்.

கயிறு ஈரமாகி இறுகியது. கை மேலும் வீங்கியது. நாளாக ஆகக் கயிறு கண்ணுக்கே தெரியவில்லை. மணிக்கட்டில் ஒரு மடிப்பு, மடிப்புக்குள் மஞ்சள், மஞ்சளைச் சுற்றிச் சிவப்பு. சிவப்பு முழங்கையைத் தாண்டி ஏறியது. பல் கிட்டிப்போகும் குளிர்க்காய்ச்சல். என் கணவர் முருகேசன் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். சத்தமாகப் பேசிப் பழகாதவர். அன்று ரிக்ஷாக்காரரிடம் கத்தியதைக் கேட்டேன்.

மருத்துவமனையில் நர்ஸ் என் கையைத் திருப்பிப் பார்த்தார். இந்தக் கயிற்றை யார் கட்டியது என்று இந்தியில் கேட்டார்.

"தேவி" என்றேன்.

"தேவி கோ போலோ, அகலி பார் டீலா பாந்தே" என்றார். அடுத்த தடவை தளர்த்திக் கட்டச் சொல்லு. சொல்லிக்கொண்டே கத்தரிக்கோலை நுழைத்தார். கயிறு அறுந்தது. ரத்தம் திரும்பி ஓடியதை உணர்ந்தேன். சத்தியமாக இனித்தது.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் நாத்தனார் வந்தார். வெறும் மணிக்கட்டைத்தான் முதலில் பார்த்தார்.

"காப்ப அறுத்துட்டாங்களா? இனிமே நடக்கறதுக்கு யாரும் பொறுப்பில்ல, இந்திரா."

வாழைப்பழச் சீப்பை வைத்துவிட்டுப் போய்விட்டார். கணவர் மருந்து வாங்கப் போயிருந்தார். நான் கண்ணை மூடினேன். நான் செய்ததற்குப் பிரார்த்தனை என்றுதான் பெயர் சொல்கிறேன். உங்களுக்கு வேறு பெயர் தோன்றலாம்.

அடியே, என்றேன் அம்மனை. ஒரு மார்பை எடுத்துக்கொண்டாய், வாயைத் திறக்கவில்லை. முடியை எடுத்தாய், முக்காடு போட்டுக்கொண்டு உன் சன்னதிக்கே வந்தேன். இப்போது கையும் கேட்கிறதா உனக்கு? உனக்கு எட்டுக் கை இருக்கிறது. சூலத்துக்கு ஒன்று, வாளுக்கு ஒன்று, வெறுமனே காட்டிக்கொண்டு நிற்க ஒன்று. எனக்கு எழுத ஒன்றே ஒன்று. அதையும் பிடுங்கினால் நீ சாமி இல்லை, வழிப்பறிக்காரி. உன் எட்டில் ஒன்றை அனுப்பு. இல்லையென்றால் உன் வாசலை இனி மிதிக்கமாட்டேன்.

அழவில்லை. அவ்வளவு கோபம்.

கண்ணைத் திறந்தபோது அடுத்த கட்டிலில் தீக்காயத்தோடு கிடந்த பெண்ணைப் பார்க்க ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். பிளாஸ்டிக் சர்ஜன். அவளைப் பார்த்து முடித்துத் திரும்பியவர் என் கையைப் பார்த்து நின்றார். கேட்காமலேயே என் போர்வையை விலக்கி அக்குளைத் தொட்டார். கதிர் பட்ட தோல் அங்கே கட்டைபோல் இறுகியிருந்தது.

"மார்பை மறுபடி அமைக்கலாம்னு உங்ககிட்ட யாராவது சொன்னாங்களா?"

இல்லை என்றேன். மூன்று வருடங்களில் ஒருவரும் சொல்லவில்லை.

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விளக்கினார். அடிவயிற்றிலிருந்து தோலும் கொழுப்பும் எடுத்து மார்பு செய்யலாம். அதோடு ஒட்டியபடி தொடை இடுக்கிலிருந்து சில நிணநீர் முடிச்சுகளையும் கொண்டுவந்து, அக்குளில் இறுகிய தழும்பை வெட்டி அகற்றி, அங்கே பதித்து, மைக்ராஸ்கோப் வைத்து ரத்தக் குழாய்களைத் தைக்கலாம். கைக்கும் மார்புக்கும் ஒரே அறுவை. புதிய முறை. அவரே சிலதான் செய்திருக்கிறார். கை பழையபடி ஆகும் என்று வாக்குத் தரமாட்டேன், கனம் குறையலாம், இந்தக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வருவது நிற்கலாம் என்றார். வீக்கத்தை அழுத்திப் பிடிக்கிற இறுக்கமான கையுறையை அதற்குப் பிறகும் போடவேண்டியிருக்கும்.

அவர் மென்மையாகப் பேசவில்லை. நான் நம்பினேன்.

வீட்டில் பஞ்சாயத்து கூடியது.

"கைக்கு வைத்தியம் பாரு, வேணாங்கல" என்றார் நாத்தனார். "நாப்பத்தாறு வயசுல மாரு எதுக்கு? யாருக்குக் காட்டப் போற?"

"உங்களுக்கு அம்பத்தஞ்சு ஆகுது. நீங்க எதுக்கு அண்ணி இன்னும் வச்சிருக்கீங்க?"

என் கணவர் சிரித்துவிட்டார். அந்த வருடத்தில் அவர் சிரித்தது அப்போதுதான். அக்கா பார்த்த பார்வையில் சிரிப்பு பாதியில் செத்தது. ஆனால் சிரித்தது சிரித்ததுதான். சம்மதக் கையெழுத்து அவர் போட்டார்.

புண் ஆறி, வீக்கத்தைக் கட்டுப்போட்டுக் குறைத்து, மார்கழிக் குளிரில் அறுவை நடந்தது. காலையில் உள்ளே போனேன். வெளியே வந்தபோது இருட்டியிருந்தது. மயக்க மருந்து ஏறும்முன் அவளிடம் ஒரே வார்த்தைதான் சொன்னேன். வா. வந்தாள் என்றே நம்புகிறேன். டாக்டரம்மாவின் கைகளுக்கு நடுவில், தலைமுடியைவிட மெல்லிய நூலைப் பிடித்துக்கொண்டு, எட்டில் ஒன்று அங்கே இருந்தது.

வயிற்றில் இடுப்புக்கு இடுப்பு ஒரு தழும்பு. வாரக்கணக்கில் கூனி நடந்தேன். கை உடனே இறங்கவில்லை. சந்தேகம் வந்த நாட்களில் அவளை மறுபடி திட்டினேன். பிறகு, எப்போது என்று சொல்லத் தெரியாமல், கனம் போகத் தொடங்கியது. பேனா விரலில் நின்றது. அந்தக் காய்ச்சல் இதுவரை திரும்பவில்லை. தையற்காரர் டேப்பை இடது கையில் சுற்றினார், வலது கையில் சுற்றினார், மறுபடி இடது கைக்கு வந்தார். "கொஞ்சந்தாம்மா வித்தியாசம்" என்றார். அவர் கடையில் நின்று அழுதேன். மருத்துவமனையில் வராத அழுகை.

அடுத்த ஆடிக்குக் கோயிலுக்குப் போனேன். வாசலை மிதிக்கமாட்டேன் என்று மிரட்டியவள்தான் நான், ஆனால் கேட்டதை அம்மன் கொடுத்தபின் போகாமல் எப்படி? பெண்கள் வரிசையில் நின்று வலது கையை நீட்டினேன். பூசாரி தயங்கினார். நாத்தனார் குறுக்கே வந்தார்.

"வலது கைன்னா அது ஆம்பளைங்க வரிசை."

"சரி அண்ணி" என்றேன். புடவையைச் செருகிக்கொண்டு போய் ஆண்கள் வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்துவிட்டு நகர்ந்து இடம் விட்டார். பூசாரி என் முகத்தைப் பார்க்காமல் கட்டினார். கயிற்றுக்குள் விரல் நுழைகிறதா என்று நானே பார்த்துக்கொண்டேன். நாத்தனார் என்னோடு பேசுவது அன்றிலிருந்து பாதியாகக் குறைந்தது. அதுவும் அவள் அருள்.

இப்போது நான் அதிகமாகக் கேட்கிறேன். பூவும் கற்பூரமும் கொண்டுபோய் நயந்து கேட்ட காலத்தில் அவள் எனக்குக் காது கொடுத்ததில்லை. சட்டையைப் பிடித்தபோது திரும்பினாள். சகோதரிகளே, உங்கள் அம்மன் உங்கள் கோபத்தைத் தாங்குவாள். அதற்குத்தான் அத்தனை ஆயுதம். அவளை நம்புங்கள். டாக்டர் சொன்னதையும் கேளுங்கள்.

முந்தானைக்குள் ஒரு கையை மறைத்துக்கொண்டு விழாவுக்கு வருகிறவள் உங்களில் யாரோ, அவளுக்கு ஒரு வார்த்தை. ஆடிக்கு வா. ஆண்கள் வரிசையில் எனக்குப் பின்னால் இடம் இருக்கிறது.