பின்பக்கத்து மஞ்சள்

தூதரகக் கவுண்டரில் இருந்தவர் என் பட்டச் சான்றிதழை நகத்தால் தட்டினார். டொக் டொக் என்றது.

“லாமினேட் பண்ணிருக்கீங்களே மேடம். பின்பக்கம் சீல் வைக்கணும், பிளாஸ்டிக்ல மை பிடிக்காது. பிரிச்சிட்டுக் கொண்டு வாங்க. மூணு மணி வரைக்கும் இருப்போம்.”

பிரிப்பதா! மதுரையில் பி.பார்ம். பட்டம் கைக்கு வந்த அன்றே அப்பா அதை லாமினேட் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். ரேஷன் கார்டிலிருந்து ஜாதகம் வரை, எங்கள் வீட்டில் மதிப்புள்ள எதற்கும் பிளாஸ்டிக் சட்டை உண்டு. மழை தொடாமல், கரையான் தொடாமல் இருபது வருஷம் பளபளத்த காகிதம். இப்போது தூதரக முத்திரையும் அதைத் தொட முடியவில்லை.

அந்த முத்திரை இருந்தால்தான் மருந்தாளுநர் வாரியம் என் விண்ணப்பத்தை எடுக்கும். அதற்கு மறுநாள் கடைசி நாள். விட்டால் தேர்வெழுத இன்னொரு வருஷம். கணவரின் வேலையோடு நாடு விட்டுக் கிள்ளானுக்கு வந்ததிலிருந்து ஒரு மருந்துக்கடையில் சோப்பும் இருமல் மிட்டாயும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மருந்துச் சீட்டு வந்தால் கை தானாக நீளும். நீண்ட கையை மடக்கிக்கொண்டு, உரிமம் உள்ள, என்னில் பாதி வயதுப் பெண்ணைக் கூப்பிட வேண்டும். இன்னொரு வருஷம் மடக்கினால் கை அப்படியே நின்றுவிடும் என்று பயமாக இருந்தது.

மணி ஒன்றே முக்கால். வீட்டுக்கே போய்விடலாம் என்று கிள்ளான் ரயிலுக்காகப் பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெரு வழியே நடந்தேன். பூக்கடை, வடைச் சட்டி, வளையல் கடை, எல்லாம் என்னைக் கடந்து எங்கோ உற்சாகமாகப் போய்க்கொண்டிருந்தன. அப்போது ஒரு சலூன் கண்ணாடிக்குள் ஹேர் டிரையர் சீறியது. சூடு! பசை சூட்டுக்கு இளகும். இது தெரியாமலா நான்கு வருஷம் படித்தேன்?

“முடி செட் பண்ணணுமாக்கா?” என்றாள் சலூன்காரி.

“எனக்கில்ல. இதுக்கு.”

சான்றிதழையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஏதோ மணப்பெண் வந்ததுபோல நாற்காலியைத் துடைத்து, சான்றிதழை அதில் படுக்க வைத்தாள். பக்கத்து நாற்காலியில் தலை முழுக்கச் சாயம் பூசிக்கொண்டு செராஸ் பகுதி ஆன்டி ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

“அலமா! டிகிரிக்கே பேஷியலா?”

டிரையரை அவள் பிடிக்க, ஓர் ஓரத்தை நான் நகத்தால் நெம்பினேன். முன்பக்கப் பிளாஸ்டிக் தாள் இளகியது. அதோடு என் பெயரின் கறுப்பும் லேசாக எழும்பியது.

“கோயாக் ஆயிடும் லா! கிழிஞ்சிடும், நிறுத்து, நிறுத்து!” என்று ஆன்டி எழுந்தே விட்டார். “சீல் எந்தப் பக்கம் வைப்பாங்க?”

“பின்பக்கம்.”

“அப்புறம் முன்பக்கத்தை ஏம்மா நோண்டுற? படிச்ச பிள்ளைதானே நீ?”

படித்த பிள்ளை நான், பெயரைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டு, காகிதத்தைத் திருப்பிப் போட்டேன். மீண்டும் சூடு. ஒரு மூலை, ஒரு விரல்கடை, ஒரு சாண். மூன்று பெண்களும் நாற்காலி மேல் குனிந்திருந்தோம். பாலேடு எடுப்பதுபோல் முழுப் பிளாஸ்டிக் தாளும் என் கையோடு வந்தது.

கூடவே ஒரு வாசனை. மஞ்சள். நான்கு மூலையிலும் நான்கு பொட்டு. முன்னால் வைத்தால் கறை என்று பின்னால் வைத்து, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மூடியிருக்கிறார் அப்பா. போனில் எப்போதும் “சாப்பிட்டியா?” என்பதைத் தாண்டாத மனிதர்.

“இரு, அழுதுக்கிட்டு நிக்காத. மணி ரெண்டரை!” என்றார் ஆன்டி.

ஓடினேன். நாற்பத்து நான்கு வயது முட்டிகள் பதினெட்டு வயது பொய் சொல்லின. கவுண்டர்காரர் காகிதத்தைத் திருப்பினார்.

“இது என்ன கறை மேடம்?”

“மஞ்சள் சார். அப்பா வச்சது. இருபது வருஷமா உள்ளயே இருந்திருக்கு.”

முகர்ந்து பார்த்தார். “இன்னும் வாசம் வருதே?”

“எக்ஸ்பயரி ஆகல சார். மருந்தாளுநர் சொல்றேன்.”

சிரித்துவிட்டார். நான்கு பொட்டுக்கும் நடுவில், எதன் மேலும் படாமல், முத்திரையை இறக்கினார். டம்! “மை காயுற வரைக்கும் மடிக்காதீங்க. தயவுசெஞ்சு மறுபடி லாமினேட் பண்ணிடாதீங்க.”

இரண்டு கையிலும் அதை ஏந்தியபடி மறுபடியும் சலூனுக்கே போனேன். ஆன்டிக்குத் தலை அலசி முடிந்திருந்தது. கன்னங்கரேலென்ற கூந்தலோடு என் முகத்தைப் பார்த்து, “வச்சிட்டாங்களா?” என்றார்.

காகிதத்தைத் திருப்பிக் காட்டினேன். ஈர மை மின்னியது.

“ஏய், என் தலை அப்புறம் காயட்டும்,” என்றார் சலூன்காரியிடம். “முதல்ல இதைக் காய வை.”