முதல் வரியில் மாட்டிய நாத்தனார்

அந்த பஸ் நிலையத்தின் கம்ப்யூட்டர் அறையில் எல்லாரும் அவளை 'முதல்வரி' என்றுதான் கூப்பிடுவார்கள். மெஷினுக்கு வேலை சொல்லி எழுதும் ஸ்கிரிப்ட் எதை யார் தூக்கிக்கொண்டு வந்து புலம்பினாலும், "முதல் வரியைக் காட்டு" என்பாள். பின்னே? இதைப் படித்து நிறைவேற்ற இன்டர்பிரெட்டர் என்கிற எந்தப் புரோகிராமைக் கூப்பிட வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்வதே அந்த வரிதான். அதில் கோட்டை விட்டால் மற்றதெல்லாம் வீண்.

வேலையில் கெட்டிக்காரி, வாயும் சும்மா இராது. அதனால், நாத்தனார் அதே அறைக்குத் தற்காலிக வேலைக்கு வந்தபோது வீட்டுக்காரர் அரண்டு போனார். "பயப்படாதீங்க, உங்க தங்கச்சியை முழுங்கிட மாட்டேன்" என்றாள்.

நாத்தனாரை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று மேனேஜர் முடிவு சொல்ல வேண்டிய நாள். நிரந்தரமாக்கலாம் என்று முதல்வரி ஏற்கெனவே சிபாரிசு செய்திருந்தாள். பார்த்துப் பார்த்து அன்றைக்கா பஸ் நேரம் காட்டும் பலகைகள் மொத்தமும் இருண்டு போக வேண்டும்! கீழே ஜனங்கள் கத்துகிறார்கள். நாத்தனார் முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணி, ஃபைல் இணைப்பு ஒண்ணுக்குள்ள ஒண்ணா ரொம்ப இருக்குன்னு மெஷின் சொல்லுது. காலையிலேர்ந்து தேடறேன், ஒரு இணைப்பும் காணோம்."

"அது அப்படித்தான் உளறும். முதல் வரியைக் காட்டு."

எது எப்போது ஓடியது என்று குறித்து வைக்க, இன்டர்பிரெட்டருக்கு முன்னால் தன் ஸ்கிரிப்ட் ஒன்றைக் குறுக்கே வைத்திருந்தாள் நாத்தனார். நல்ல யோசனைதான். ஆனால் பலகைகளை இயக்கும் மற்ற ஸ்கிரிப்ட்டுகளின் முதல் வரியில் அதன் பெயரைப் போட்ட கையோடு, அதன் முதல் வரியிலும் அதன் பெயரையே போட்டுவிட்டாள். அதைப் படிக்க அதையே கூப்பிட வேண்டும், அதற்கும் அதையே. மெஷின் கையை விரித்துவிட்டது.

"அடிப்பாவி! உன்னைப் படிக்க உன்னையே கூப்பிட்டா எப்படிடி?" முதல்வரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நல்லவேளை, மெஷின் உஷாரா நிறுத்திடுச்சு. இல்லேன்னா சுத்திச் சுத்தியே படுத்திருக்கும். நிஜமாப் படிக்கிற இன்டர்பிரெட்டர் பேரைப் போடு."

நாத்தனார் மாற்றினாள். பலகைகள் பளிச்சென்று எரிந்தன.

மேனேஜர் மூச்சிரைக்க வந்தார். "யார் பார்த்த வேலை இது?"

"நான்தான் சார்" என்றாள் நாத்தனார். அவள் மழுப்பாமல் சொன்னது முதல்வரிக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

"இவங்களையா நிரந்தரமாக்கச் சொல்றீங்க?" என்று மேனேஜர் முதல்வரியைக் கேட்டார்.

"ஆமா சார். தன்னையே கூப்பிடுற ஸ்கிரிப்ட்டைக்கூட மெஷின் எடுத்த எடுப்புல தள்ளிடறதில்ல. நாலஞ்சு தடவை கூடவே போய்ப் பார்த்துட்டுத்தான் முடியாதுங்குது. இவ பண்ணினது இப்பதான் சார் ஒரே ஒரு தப்பு."

மேனேஜர் முறைத்தார். அப்புறம் பேனாவைத் திறந்தார். நாத்தனார் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள்.